பதினோரு பேருக்கு ஒரு நிர்வாகம்

நெய்வேலி நகரியத்தில் வட்டத்துக்கு ஒருவராவது 'செலக்டர்' என்ற பட்டப்பெயரோடு இருப்பார். கிரிக்கெட் வாரியத்துக்கும் அவருக்கும் எள்ளளவும் சம்பந்தம் கிடையாது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டையோ, அனல் மின் நிலையத்தில் கொதிகலனையோ, அலுவலகத்தில் சம்பளப் பட்டியலையோ பார்த்துக்கொள்வது அவர் உத்தியோகம். ஷிப்ட் முடிந்து மெயின் பஜார் பக்கம் வந்து, ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு, சர்க்கரை கம்மியாக ஒரு டீ சொன்ன நொடியிலிருந்து அவர் தமிழ்நாட்டின் ஆல் டைம் லெவனை அறிவிக்கும் ஒரு நபர் கமிட்டி. 1934 நவம்பர் 4-ம் தேதி சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசிய எம்.ஜே. கோபாலன் முதல் இன்றைய வாஷிங்டன் சுந்தர் வரை அத்தனை பேரும் அந்த பெஞ்சுக்கு முன்னால் கைகட்டி நிற்கிறார்கள். டீ ஆறுவதற்குள் பதினோரு பேருக்கு உத்தரவு போய்விடும். மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். இவரைக் கிரிக்கெட் பைத்தியம் என்று ஊர் சொல்கிறது. என் கட்சி வேறு. இவருக்குப் பிடித்திருப்பது ஆள் நிர்வாகம். கிரிக்கெட் அதற்கு ஒரு சாக்கு. எந்த நிர்வாகத்தை எதிர்த்து கேட் மீட்டிங்கில் கோஷம் போடுகிறாரோ, அதே நிர்வாகமாக டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த ஆசை வந்ததில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது முதல் நகரியத்தில் வாழ்க்கையே பட்டியல்தான். எந்த டைப் குவார்ட்டர்ஸ் என்பதற்கு ஒரு பட்டியல், அந்தக் குவார்ட்டர்ஸ் எந்த வட்டத்தில் என்பதற்கு இன்னொன்று, பதவி உயர்வுக்கு ஒன்று, லீவுக்கு ஒன்று, ஷிப்ட் முறைக்கு ஒன்று. வாசலில் நிற்கும் பலா மரம்கூட, வைத்தவருக்குக் காய்ப்பதில்லை. அடுத்த அலாட்மென்டில் வந்தவருக்குத்தான் காய்க்கிறது. முப்பது வருஷம் அடுத்தவர் தட்டச்சு செய்த பட்டியல்களில் தன் பெயரை விரல் வைத்துத் தேடிய மனிதருக்கு, தன் கையாலேயே ஒரு பட்டியல் போட வேண்டும் என்று தோன்றாதா? தோன்றியது. ஆனால் சுதந்திரம் கிடைத்த அன்று அவர் செய்த முதல் காரியம், பழைய சட்டத்தையே எடுத்து அமலாக்கியதுதான்.

உதாரணத்துக்கு ஆஃப் ஸ்பின்னர் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். அஸ்வின் 106 டெஸ்டில் 537 விக்கெட். வெங்கட்ராகவன் 57 டெஸ்டில் 156. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விடை தெரிந்த கணக்கு. செலக்டருக்கு இது கணக்கு அல்ல, சர்வீஸ் ரிஜிஸ்டர். வெங்கட் 1965-ல் பணியில் சேர்ந்தவர், அஸ்வின் 2011-ல். நாற்பத்தாறு வருஷ சீனியாரிட்டியை விக்கெட் எண்ணிக்கை என்ற ஒரே ஒரு காரணத்துக்காகத் தாண்டிவிட முடியுமா? மேலும் ஆஃப் ஸ்பின்னருக்கு 'சாங்ஷன்' ஆனது ஒரு போஸ்ட்தான். ஆகவே அது வெங்கட்டுக்கு, கேப்டனும் அவரே. 1975, 1979 இரண்டு உலகக் கோப்பைக்கும் இந்திய அணியை நடத்தியவர் அல்லவா. அஸ்வினை விட்டுவிட்டால் இளவட்டங்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால், டெஸ்டில் ஆறு சதம் அடித்ததைக் காட்டி அவரை எட்டாவது பேட்ஸ்மேனாக நியமித்து, பந்துவீச்சை 'கூடுதல் பொறுப்பு' ஆக்கிவிடுகிறார். கூடுதல் பொறுப்புக்குக் கூடுதல் சம்பளம் கிடையாது என்பது தெரிந்ததே. வெங்கட் பின்னாளில் 73 டெஸ்டுக்கு அம்பயராக நின்றவர், ஆட்டக்காரராக எடுத்துக்கொண்டால் அம்பயருக்கு எங்கே போவது என்று ஒருவர் மடக்கினால், செலக்டர் அசைவதில்லை. "டெபுடேஷன்ல ஆள் வாங்கிக்கலாம் தோழர்."

இதைக்கூட வயதுக்குத் தரும் மரியாதை என்று விட்டுவிடலாம். குட்டு உடைவது வேறோரிடத்தில். சின்னப்பம்பட்டி நடராஜன் 2020 கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போனவர். அணியில் ஆள் குறையக் குறைய, ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, பிரிஸ்பேன் டெஸ்ட் என மூன்றிலும் அறிமுகமானார். செலக்டர் அவர் பெயரைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்குவார். "ஒரு டெஸ்ட்தானே ஆடியிருக்கான்." சரி. எம்.ஜே. கோபாலன் எத்தனை டெஸ்ட் ஆடினார்? அவரும் ஒன்றுதான், 1934 ஜனவரியில் கல்கத்தாவில். அது சொல்லப்பட்டதும் செலக்டரின் குரல் தழுதழுக்கும். "ஒரே ஒரு டெஸ்ட்தான் குடுத்தாங்க, அநியாயம்!" கோபாலன் ஆக்கியும் ஆடியவர், 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கை விட்டுவிட்டுக் கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து போனார். ஆக்கி அணி தங்கம் வாங்கியது. இவருக்கு இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு ஒன்றும் ஒன்றுதானே? ஒரு ஒன்று தகுதிக் குறைவாகவும் இன்னொரு ஒன்று தியாகமாகவும் ஆவது எப்படி? நெய்வேலியில் பதில் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. நடராஜன் கான்ட்ராக்டில் வந்தவர். ஐபிஎல் வழியாக, தேவைப்பட்டபோது கூப்பிட்டு, முடிந்ததும் அனுப்பப்பட்டவர். கோபாலன் பெர்மனென்ட். போதாக்குறைக்கு முதல் பந்தை வீசிய வகையில், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர் கோட்டாவிலும் அவருக்கு இடம் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரந்தரம் கேட்டுப் பலமுறை போராடிய ஊர் இது. அந்தப் பந்தலில் போய் உட்கார்ந்து ஆதரவு தெரிவித்துவிட்டு வந்த அதே செலக்டர், நடராஜனின் மனுவை 'விதியில் இடமில்லை' என்று திருப்பி அனுப்புகிறார்.

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு உண்டு. நிர்வாகம் மறந்தவர்களுக்கு இவர் நீதி வழங்கவில்லையா? ஏ.ஜி. ராம்சிங்கைப் பாருங்கள். ரஞ்சியின் அந்த முதல் ஆட்டத்தில் மைசூர் 48-க்கும் 59-க்கும் சுருண்டது. சென்னை அணியின் 130 ரன்னே இன்னிங்ஸ் வெற்றிக்குப் போதுமாக இருந்தது. ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. அதில் ராம்சிங்குக்கு மட்டும் 11 விக்கெட். அவருக்கு ஆயுள் முழுக்க ஒரு டெஸ்ட் கிடைக்கவில்லை. மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் டெஸ்ட் ஆடினார்கள். கிருபால் 1955-ல் முதல் டெஸ்டிலேயே நியூசிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் நூறு அடித்தார். அப்பாவுக்குக் கிடைக்காத வேலை வாரிசுகளுக்குக் கிடைத்தது என்று நகரியத்தில் சொன்னால் உடனே புரியும். லெக் ஸ்பின்னர் வி.வி. குமார் ரஞ்சியில் நானூறுக்கு மேல் விக்கெட் எடுத்தவர். 1961-ல் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட். மொத்தம் ஆடக் கிடைத்தது இரண்டே டெஸ்ட். ராம்சிங், குமார் இருவருக்கும் செலக்டரின் லெவனில் அசைக்க முடியாத இடம். முன்தேதியிட்ட பதவி உயர்வு, அரியர்ஸ் சகிதம். பட்டியல் போடுகிற கை தழும்பேறிய கை என்பது இந்த இடத்தில் தெரிகிறது. உண்மையில் கொஞ்சம் நெகிழவும் வைக்கிறது. ஆனாலும் இந்தக் கருணையின் பயனாளிகள் யார் என்று எண்ணிப் பார்த்தால் ஒன்று புலப்படும். அரியர்ஸ் வாங்க முடியாதவர்களுக்குத்தான் அரியர்ஸ் வழங்கப்படுகிறது. பணியில் இருப்பவருக்கு மெமோ, ஓய்வு பெற்றவருக்குச் சால்வை: இதுவும் செலக்டர் கண்டுபிடித்த முறை இல்லை.

காலத்துக்குக் காலம் ஒப்பிடவே முடியாது, மூடாத ஆடுகளம் எங்கே, ஹெல்மெட் எங்கே என்ற வழக்கமான ஆட்சேபம் நெய்வேலியில் எடுபடாது. ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணைப் பக்கெட் வீல் எந்திரத்தால் வாரி ஒதுக்கி, கோடிக்கணக்கான ஆண்டுக்கு முந்தைய மரத்தை எடுத்து வந்து இன்று மாலை டியூப் லைட்டில் எரிக்கிற ஊர் இது. இந்த ஊர்க்காரர்களுக்கு 1934 நேற்றைக்கு முந்தாநாள்.

உலகமெங்கும் இருக்கும் வியாதியை நெய்வேலிக்கு மட்டும் ஏன் ஒட்டவைக்க வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி சரி, வியாதி பரவலானதுதான். டான் பிராட்மனும் ஒரு ஆல் டைம் லெவன் போட்டார். அவர் மறைந்த 2001-ல் அது வெளிவந்தது. மூன்றாம் இடத்தில் பிராட்மன். அதில் பிழை காண முடியாது, வெட்கப்படவும் இடமில்லை. அமெரிக்கக் கால்பந்து லீக் 2019-ல் தன் நூறாவது பருவத்துக்கு ஒரு சர்வகால அணி அறிவித்தது. அதில் ஆட்டக்காரர்கள் 100 பேர், பயிற்சியாளர்கள் 10 பேர். பந்தை வாங்கி வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் என்ற ஆள் ஒரு நேரத்தில் மைதானத்தில் ஒருவர்தான் இருப்பார். அந்த இடத்துக்குப் பத்துப் பேரை எடுத்திருக்கிறார்கள். ஒரு குவார்ட்டர்ஸுக்குப் பத்துப் பேருக்கு அலாட்மென்ட் கொடுத்தால் நகரியத்தில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். யாரையும் நீக்கத் துணியாத பட்டியல் பட்டியலே இல்லை. அது கல்யாணப் பந்தி. கற்பனை அணி சேர்க்கும் விளையாட்டும் அங்கே பிறந்ததுதான். ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக் 1962-ல் நியூயார்க்கில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து, பத்திரிகை நண்பர்களோடு அதற்கு விதி எழுதினார். நெய்வேலி அனல் மின் நிலையத்தில் முதல் யூனிட் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இரண்டுக்கும் தொடர்பில்லை, செலக்டர் மட்டும் இருப்பதாகச் சொல்வார். விங்கன்பாக் முதலாளி, தன் பொழுதுபோக்கில் இன்னும் கொஞ்சம் முதலாளியானார். பிராட்மன் ஆட்டக்காரர், தன்னையே ஆட்டக்காரராக எடுத்துக்கொண்டார். தொழிலாளியாக இருந்துகொண்டு, தன்னைச் சேர்த்துக்கொள்ளும் ஆசையே இல்லாமல், வடிகட்டின நிர்வாகியாக மட்டும் மாறுகிறவர் நம் ஆள் ஒருவர்தான்.

அமெரிக்க பாணியில், ஆளுக்கு ஒருவராக மாற்றி மாற்றி அணி பிரிக்கும் ஆட்டம் இரண்டு செலக்டர்கள் ஒரே பெஞ்சில் அகப்படும்போது நடக்கும். ஒருவர் எடுத்துவிட்டால் மற்றவருக்கு அந்த ஆள் இல்லை. "அண்ணே, சீக்காவ நான் எடுத்தாச்சு" என்று ஸ்ரீகாந்தைத் தூக்கியதும் எதிரணி முரளி விஜய்க்குப் பாயும். பிறகு பேரம். 'பரஸ்பர இடமாற்றம்' கேட்பார்கள். சிவராமகிருஷ்ணனைக் கொடுத்தால் டபிள்யூ.வி. ராமனைத் தருகிறேன் என்பார்கள். ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தை மாதிரி வெளிநடப்பும் உண்டு. பந்தயக் காசு கிடையாது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ல் நாடாளுமன்றம் தடைசெய்தபோது டிரீம்11 முதலான கடைகள் அந்த வியாபாரத்தை மூடின; இந்த பெஞ்சுக்கு ஒரு கீறலும் இல்லை. தோற்றவர் டீக்குக் காசு கொடுப்பார், அதையும் கடன் சொல்வார்.

ஓய்வு பெறும் நாளில் நகரிய ஊழியர் பணியோடு குவார்ட்டர்ஸையும் விட்டாக வேண்டும். வடலூரிலோ மந்தாரக்குப்பத்திலோ கட்டிய வீட்டுக்கு லாரியில் சாமான் ஏறும்; பலா மரம் அடுத்தவருக்குப் போகும். செலக்டர் பதவிக்கு மட்டும் ஓய்வு வயது கிடையாது. அவர் லெவனிலும் யாரும் ஓய்வு பெறுவதில்லை. 1896-ல் பிறந்து, நாற்பது வயதில் முதல் டெஸ்ட் ஆடிய கோட்டா ராமசாமியே இன்னும் ரிசர்வில்தான் இருக்கிறார். விக்கெட் கீப்பர் பணியிடம் ஒன்றுதான் நிரப்பப்படாமல் கிடக்கிறது: 1979-ல் இங்கிலாந்தில் நான்கு டெஸ்ட் ஆடிய பரத் ரெட்டியா, 26 டெஸ்ட் ஆடிய தினேஷ் கார்த்திக்கா என்று ஃபைல் நிலுவையில் உள்ளது. நெய்வேலிப் பக்கம் போகிறவர்கள் தங்கள் கருத்தைத் தாராளமாகச் சொல்லலாம். எழுத்து மூலம் வேண்டாம், டீக்காசு உங்களுடையது, நடராஜன் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.