பொலிசுக்கு ஒரு கடதாசி

எழுவான்கரை, படுவான்கரை எங்கு போனாலும் இந்த மாமாவைக் காணலாம். காரின் சீட் கவருக்குக் காசை எண்ணாமல் கொடுப்பார். வெள்ளிக்கிழமை தவறாமல் எலுமிச்சங்காயும் மிளகாயும் மாற்றிக் கட்டுவார். இன்சூரன்ஸ் என்றால் மட்டும் கை மடிக்குள் போகாது.

காப்புறுதிச் சான்றிதழும் புகைச் சான்றிதழும் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. ஆகவே பழைய பத்திரம் முடிகிற அன்று பின்னேரம், இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருக்கிற தங்கச்சி மகனைத் தேடிப் போவார்.

"மனே, பொலிஸ் மறிச்சாக் காட்டுற கடதாசி எதோ, அதத் தா. ஆகக் குறைஞ்சது."

"அது தேட் பாட்டி மாமா. நீங்க ஆரையும் இடிச்சா அவங்களுக்குத்தான் காசு. உங்கட காருக்கு ஒண்டுமில்ல."

"நான் ஏன் இடிக்கப் போறன்?"

அதுவும் நியாயந்தான். மாமா ஓடுகிற வேகத்தில் இடிப்பது கஷ்டம். ஆனால் நடுறோட்டில் இரவில் படுத்து அசைபோடும் மாட்டுக்கு இதெல்லாம் தெரியாது. (அந்த மாடு உயிரோடு இருக்கும்வரை சொந்தக்காரன் இல்லை, செத்தால் அஞ்சு பேர் வருவார்கள்.)

2019இல் மாமா லீசிங்கில் கார் எடுத்தார். ஃபுல் இன்சூரன்ஸ் இல்லாமல் லீசிங்காரன் திறப்பைக் கொடுப்பானா? போட்டார், முப்பது இலட்சத்துக்கு. வெள்ளத்துக்கும் சேர்த்துப் போடுவோமா என்று மருமகன் கேட்டான். "வெள்ளம் வந்தாக் காரக் கொண்டுபோய்க் கல்லடிப் பாலத்துல விடுவன்" என்றார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போனது. தேத்தண்ணிக் கடையில் மாமாவின் காரும் அறுபது இலட்சமாயிற்று. பொலிசியில் அதே முப்பதுதான். கூட்டிப் போட்டால் கட்டுகிற காசும் கூடுமே!

கடைசியில் மாடு வந்தது. சேதம் நாலு இலட்சம். கொம்பனி தந்தது இரண்டு.

"பெறுமதியில பாதிக்குத்தானே மாமா காசு கட்டினீங்க. சேதத்துலயும் பாதிதான் வரும்."

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"மாடு இடிச்சது நான் காசு கட்டின பாதியிலதானே மனே?"

இந்தக் கேள்விக்குக் கொழும்புத் தலைமையகத்திலும் பதில் இராது.

இப்போது லீசிங் முடிந்துவிட்டது. மாமா மறுகாவும் தேட் பாட்டிக்கே வந்துவிட்டார். சட்டம் கட்டாயமாக்கியிருப்பது அடுத்தவரின் சாவுக்கும் காயத்துக்குமான காப்பை மட்டும். அடுத்தவரின் பம்பருக்கு வேண்டுமானால் கொம்பனி ஓர் எல்லைவரைதான் கொடுக்கும். ஆகையால், மாமாவுக்கு முன்னால் கார் ஓடுகிறவர்கள் பின்கண்ணாடியை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் காருக்கு நீங்களே ஃபுல் இன்சூரன்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், இன்றைய விலைக்கு.