மூன்றரைக்காக எழுநூறு

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் ஃபார்முலா 4 கார் பந்தயம். “வேன் என் பொறுப்பு” என்று வாயைக் கொடுத்தவன் நான்தான்.

நாகர்கோவிலிலிருந்து 12 பேர். டிக்கெட்டைப் பற்றி எவரும் கேட்கவில்லை. மட்டிப்பழக் குலையை வேனில் எங்கே தொங்கவிடுவது என்பதில்தான் அடிதடி. நேந்திரங்காய் சிப்ஸ் கோவில்பட்டி வருமுன்னே காலி. நாற்கரச் சாலையில் டிரைவர் 80-ஐத் தொட்டதும், “மெதுவாப் போடே, பிள்ளை குட்டி இருக்கு” என்று அலறிய மாமா, 200-ஐத் தாண்டும் காரைப் பார்க்கத்தான் காசு கட்டியிருந்தார்.

2023 டிசம்பரில் நடக்க வேண்டிய பந்தயம். மிக்ஜாம் புயல் தள்ளிவைத்தது. இந்த முறை சனிக்கிழமை மழை. பாதுகாப்புச் சான்றிதழ் வரவும் தாமதம். வேகத்தைப் பார்க்க வந்தவர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தோம். நமக்கு அது பழக்கம்தான்.

மறுநாள் ஓட்டினார்கள். மூன்றரை கிலோமீட்டர் பாதை, வேலிக்கு அப்பால் ‘விர்ர்’ என்று ஒரு சத்தம், தலையைத் திருப்புவதற்குள் போயே போச்சு.

“என்னவே, போன காருதான் திரும்பியும் வருது? இதுக்கா 700 கிலோமீட்டர்?” என்றார் மாமா.

நடுவில் ஒரு தெருநாய் ஓடுபாதைக்குள் புகுந்து பந்தயத்தைத் தாமதப்படுத்தியது.

ஊர் வந்ததும் வடசேரி டீக்கடையில் கேட்டார்கள்: “எல்லாம் நல்லாப் பாத்தியளா?”

“நாயை நல்லாப் பாத்தேன்” என்றார் மாமா.