உறையில் ஒன்று, உள்ளே ஒன்று

'புத்தம் புது காலை' என்ற பாட்டு நம்மவரிடம் ஆறு வடிவங்களில் இருக்கிறது. 'அலைகள் ஓய்வதில்லை' எல்.பி. தட்டில் ஒன்று, கடையில் வாங்கிய கேசட்டில் ஒன்று, ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வந்த கேசட்டில் இன்னொன்று, அப்புறம் சிடி, எம்பி3 டிஸ்க், பென்டிரைவ். 1981இல் வந்த அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தாலும் இந்தப் பாட்டு வராது. இசைத்தட்டில் மட்டும்தான் அதற்கு இடம் கிடைத்தது. "இதுக்குத்தான் சொல்றேன், தட்டு இருந்தாத்தான் பாட்டு இருக்கும்" என்று வீட்டில் வாதாட இதைவிட வலுவான சாட்சி அவருக்குக் கிடைக்காது. "சரிங்க, தட்டுதான் இருக்கே. மத்த அஞ்சும் எதுக்கு?" என்று மனைவி கேட்டால் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராக விரித்துக்கொள்வார்.

இப்படி ஒருவர் தெருவுக்குத் தெரு இல்லாவிட்டாலும் ஊருக்கு நாலு பேராவது உண்டு. மின்வாரியம், வங்கி, தபால்துறை என்று எதிலாவது ஓய்வு பெற்றவராக இருப்பார். பாட வராது. ஹார்மோனியத்தில் கை வைத்ததும் கிடையாது. ஆனால் எந்தப் பாட்டில் எந்தச் சரணத்துக்கு முன்னால் புல்லாங்குழல் வருகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

வீட்டில் 'பாட்டு ரூம்' என்று ஓர் அறை இருக்கிறது. கட்டும்போது அது விருந்தாளிகளுக்கான அறை. இப்போது விருந்தாளிகள் ஹாலில் படுக்கிறார்கள். எல்.பி. ஒன்று உறையோடு சேர்ந்து கால் கிலோவை ஒட்டி நிற்கும். ஆயிரம் தட்டு என்றால் இருநூறு கிலோவைத் தாண்டிவிடும். மாடியில் வாடகைக்கு இருந்த காலத்தில் வீட்டுக்காரர் ஒருநாள் ஏறி வந்து, "சார், தப்பா நினைக்காதீங்க, மேல அரிசி மூட்டை ஏதும் அடுக்கி வெச்சிருக்கீங்களா?" என்று விசாரித்தார். தட்டுகளைச் செங்குத்தாகத்தான் நிறுத்த வேண்டும், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் வளைந்துவிடும் என்று நம்மவர் ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பார். அப்படிப்பட்டவரே ஒரு சித்திரையில் பூஞ்சை பிடித்த தட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி மொட்டை மாடியில் காயவைத்தார். இறங்கிப் போய்க் காப்பி குடித்துவிட்டு ஏறி வருவதற்குள் ஓரமெல்லாம் அப்பளமாக நெளிந்திருந்தது. அவற்றையும் எறியவில்லை. "என்னிக்காவது வெயிட் வெச்சு நிமித்திடலாம்" என்று கட்டிலடியில் தள்ளியிருக்கிறார்.

ஒழுங்கு என்ற ஒன்று இருக்கத்தான் செய்கிறது. லாங் சைஸ் நோட்டில் வரிசை எண், படம், ஆண்டு, இசை, பாடியவர், வாங்கிய தேதி என்று கட்டம் போட்டு, முந்நூற்றுச் சொச்சம் வரை அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு பால் கணக்கு. பட்டியல் நின்றுபோனாலும் சேகரிப்பு நிற்கவில்லை. கேட்டுவிட்டு அவசரத்தில் கைக்கு வந்த பெட்டியில் போட்டு மூடுகிற வழக்கமும் நிற்கவில்லை. அதனால் 'தேன் நிலவு' என்று எழுதிய கேசட் பெட்டியைத் திறந்தால் உள்ளே 'விதி' கதைவசனம் இருக்கும். 1984இல் அந்தப் படம் வந்த பிறகு டீக்கடை, கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று எங்கும் அதன் கோர்ட்டுக் காட்சி வசனம்தான் அலறிக்கொண்டிருந்தது. தேன் நிலவுக்குள் விதி வந்து உட்கார்ந்தது தற்செயல்தான் என்று அவர் சாதிப்பார். அவருக்குக் கல்யாணமானதும் அதே ஆண்டுதான்.

தட்டுகளில் பாதி சவுண்ட் சர்வீஸ்காரர்களிடமிருந்து வந்தவை. குழாய் கட்டி ஊரை எழுப்பியவர்கள், கேசட் வந்தவுடன் தட்டுகளைக் கட்டுக் கட்டாகத் தள்ளிவிட்டார்கள். நடுவில் லேபிள் மேல் ஊதா மையில் அவர்களுடைய ரப்பர் ஸ்டாம்ப் அப்படியே இருக்கிறது. தேய்ந்த ஊசியில் ஆயிரம் கல்யாணம் பார்த்த தட்டு எப்படி இருக்கும்? ஒரே வரியில் சிக்கிக்கொண்டு திரும்பத் திரும்பப் பாடும், அல்லது பல்லவியிலிருந்து ஒரே தாவாகத் தாவும். நம்மவருக்கு அந்தத் தாவலும் பாட்டில் சேர்த்தி. குளிக்கும்போது அவர் முணுமுணுப்பதைக் கவனித்தால் சரியாக அந்த இடத்தில் தாவி அந்தப் பக்கம் போய் இறங்குவார். டிவியில் பாட்டு ஒழுங்காக வந்தால்தான், "என்னமோ இழுக்கிறானே" என்று சங்கடப்படுவார். சென்னையில் வேலை பார்த்தபோது மூர் மார்க்கெட் பழைய கடைகளில் பொறுக்கியவையும் கொஞ்சம் உண்டு. 1985இல் அந்த மார்க்கெட் தீப்பிடித்து எரிந்ததை இன்றும் சொந்தக்காரர் சாவைப்போலப் பேசுவார்.

இனி அவருடைய ரசனைக்கு வருவோம். இது கொஞ்சம் ஆபத்தான பேட்டை.

தன் ரசனை மாறவே இல்லை என்பதுதான் அவருடைய கொள்கை. மாறியது இசைதானாம். 1970இல் அவருக்குப் பதினான்கு வயது, எம்.எஸ்.விஸ்வநாதன் கொடிகட்டிப் பறந்த காலம். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965இல் பிரிந்தபோது இவர் டவுசர் போட்ட மூன்றாம் வகுப்பு மாணவர். ஆனாலும் ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலில் நின்று பார்த்தவர்போல அந்தப் பிரிவை விவரிப்பார். அவருடைய அப்பாவோ பாகவதர் கட்சி. "மூணு தீபாவளி ஓடிச்சுடா ஹரிதாஸ்" என்று ஆரம்பித்து, மகன் கேட்பதை "இது பாட்டா, பேண்டு செட்டா?" என்பதில் முடிப்பார். நம்மவர் அன்று வெகுண்டார். 1976இல் 'அன்னக்கிளி' வந்து இளையராஜாவின் பெயர் ஊரெல்லாம் பரவியபோது அவருக்கு இருபது வயது. "வயக்காட்டுப் பாட்டு, ஒரு வருஷம் தாங்காது" என்று தீர்ப்பு எழுதினார். அப்பாவிடமிருந்து வீடு வருவதற்கு முன்பே குரல் வந்துவிட்டது.

கவிழ்த்தது ரெக்கார்டிங் சென்டர்தான். இன்றைய பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம்: அந்தக் கடைகளில் சுவர் முழுக்க எல்.பி. இருக்கும். வேண்டிய பாட்டுகளைத் துண்டுச் சீட்டில் எழுதி, காலி கேசட்டோடு கொடுத்துவிட்டு வர வேண்டும். சினிமா டிக்கெட்டுக்கு நிற்பதுபோல் கூட்டம் என்றால் வாரம் கழித்துக் கிடைக்கும். 90 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு என்றால் பத்துக்கு மேல் போகாது. நம்மவர் சுத்தமாகக் கணக்குப் போட்டு எம்.எஸ்.வி. பாட்டாகவே எழுதிக் கொடுத்தார். ஆனால் பக்கம் முடிய இரண்டு நிமிடம் மிச்சம். காலியாக விடக் கடைக்காரருக்கு மனசு வராது. தனக்குப் பிடித்த ஏதோ ஒன்றைப் போட்டு நிரப்பிவிட்டார். அது இளையராஜா பாட்டு. முதல் சரணம் தொடங்கும்போது டேப் தீர்ந்து 'டக்' என்று நின்றது.

பாதிப் பாட்டு ஒரு மனிதனை என்ன பாடு படுத்தும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். மீதிச் சரணத்துக்காக அவர் இலங்கை வானொலி கேட்டார், டீக்கடையில் இரண்டாவது டீ குடித்தார், கடைசியில் கடைக்கே போய் ஒன்றும் தெரியாதவர்போல், "போன தடவை நீங்களா ஏதோ போட்டிருந்தீங்களே" என்று விசாரித்தார். இன்று கேட்டால், "அன்னக்கிளி வந்த அன்னிக்கே வாங்கிட்டேன்" என்பார். உறையின் பின்பக்கம் அவர் கையெழுத்தில், அவர் பேனாவால், வாங்கிய தேதி 1981 என்று இருக்கிறது.

இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்ட நண்பர்களுக்கு 1986 பெரிய சோதனை. 'மெல்லத் திறந்தது கதவு' படத்துக்கு எம்.எஸ்.வியும் இளையராஜாவும் சேர்ந்தே இசையமைத்துவிட்டார்கள். தலைவர்கள் ஒரே மேடையில் கைகுலுக்கிக்கொண்ட பிறகு தொண்டர்கள் முழிக்கிற முழி அன்று பாட்டு ரூமில் தெரிந்தது. எந்த மெட்டு யாருடையது என்று கண்டுபிடிக்க நாலு பேர் உட்கார்ந்து ராத்திரி முழுக்க ரிவைண்ட் செய்ததில் டேப் சுருண்டு ஹெட்டில் மாட்டிக்கொண்டது. பென்சிலை நுழைத்துச் சுற்றி மீட்டார்கள். தகராறு மட்டும் மீளவில்லை.

அதே ஆண்டில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' வந்தது. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையான தொகுப்பு. பாட்டே இல்லாத தட்டு என்பதால் நம்மவருக்கு உள்ளூர அலுப்பு. ஆனால் வருகிறவர்கள் கண்ணில் படும்படி ஷோகேஸில் நிறுத்த அதைவிடக் கம்பீரமான உறை கிடையாது. பக்கத்தில் ஒரு பீத்தோவன், ஒரு போனி எம். மூன்றில் உண்மையாகவே ஓடி ஓடித் தேய்ந்தது போனி எம் மட்டும்தான் என்பதை ஊசிக் கோடுகளே காட்டிக்கொடுக்கின்றன.

1992இல் 'ரோஜா' வந்தது. "கம்ப்யூட்டர் பாட்டு. மனுஷன் வாசிக்கவே இல்லை" என்றார். வயது முப்பத்தாறு. அப்பாவின் அதே தொனி, அதே கையசைப்பு. பத்து ஆண்டு இந்த உறுதி குலையவில்லை. பிறகு நடைபாதையில் 'எம்.எஸ்.வி. ஹிட்ஸ்' என்று ஓர் எம்பி3 டிஸ்க் வாங்கினார். நிமிடத்துக்குச் சுமார் ஒரு எம்பி என்று சுருக்கி, 700 எம்பி டிஸ்கில் நூற்றைம்பது பாட்டு அடைத்த காலம் அது. அடைத்தவருக்கு எண்ணிக்கைதான் முக்கியம், எம்.எஸ்.வி. தீர்ந்ததும் கையில் கிடைத்ததை எல்லாம் போட்டிருந்தார். பெயர்கூட இல்லை, வெறும் 'ட்ராக் 87'. நம்மவர் அதை மூன்று நாள் விடாமல் கேட்டுவிட்டு மகனைக் கூப்பிட்டார்.

"இது யார்ரா? புதுப் பையனா? நல்லா பண்ணியிருக்கானே."

"ரோஜாப்பா. வந்து பத்து வருஷமாச்சு."

அந்த வாரமே சிடி வந்துவிட்டது. 2009இல் ஏ.ஆர்.ரஹ்மான் இரண்டு ஆஸ்கர் வாங்கியபோது, தெருவில் முதலில் இனிப்பு கொடுத்தவர் நம்மவர். "ரோஜா கேட்டப்பவே சொன்னேன்" என்றார். என்ன சொன்னார் என்பதை மனைவி அப்போது எடுத்துச் சொல்லவில்லை. வாயில் மைசூர்பாகு இருந்தது.

ஐம்பதைத் தாண்டியதும் இந்த வகையினருக்குக் கர்நாடக சங்கீதம் கண்டிப்பாக வரும். சர்க்கரையும் ஏறக்குறைய அதே சமயத்தில் வரும். சினிமாத் தட்டுகள் மேல் பரணுக்கு ஏறின, எம்.எஸ்.சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் கைக்கெட்டும் அடுக்குக்கு இறங்கியது. டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி வேண்டுமென்று ஒரு 78 ஆர்.பி.எம். தட்டை, அதை ஓட்டக் கருவி இல்லாமலே, வாங்கினார். விடிய விடியத் தோடி வாசித்தவரைப் பக்கத்துக்கு மூன்று சொச்சம் நிமிடம் என்று அடக்கிய அரக்குத் தட்டு. கை தவறினால் கண்ணாடிபோல் உடையும். பஞ்சு சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறார். ஷோகேஸை விட்டால் பழுதே இல்லாத தட்டு அவரிடம் அது ஒன்றுதான்.

2018இல் நியூயார்க் டைம்ஸில் சேத் ஸ்டீவன்ஸ்-டேவிடோவிட்ஸ் என்பவர் ஸ்பாட்டிஃபை கணக்குகளை அலசி ஒரு கட்டுரை எழுதினார். ஆண்களின் ரசனையைத் தீர்மானிப்பதில் 13 முதல் 16 வயதில் வந்த பாட்டுகளுக்கே பெரிய பங்கு. பெண்களுக்கு அது 11 முதல் 14. நம்மவருக்கு இதைப் படித்துக் காட்டியபோது மகிழ்ந்து போனார். "பாத்தியா, 1970ங்கிறது சரியாப் போச்சு." கணக்கு சரிதான். ஆனால் அலமாரியில் 1970க்குச் சேர வேண்டியது ஓர் அடுக்குதான். மீதி மூன்றும் அவர் வாயால் வைதவர்களால் நிரம்பியிருக்கின்றன.

பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. சரிகம நிறுவனம் 2017இல் கார்வான் பெட்டியைக் கொண்டுவந்ததும் மகள் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். ஐயாயிரம் பாட்டு உள்ளேயே இருக்கிறது, இனி அறையைக் காலி செய்துவிடலாம் என்பது அவள் போட்ட கணக்கு. அவர் அதனுடன் வந்த பாட்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டார், சிவப்புப் பேனாவையும். இரண்டு மாதம் உட்கார்ந்து, தன்னிடம் இருந்து அதில் இல்லாதவை எவை என்று ஒரு புது நோட்டுப் போட்டார். காலி செய்வதாக இருந்த அறையில் கார்வானுக்கு என்று ஒரு ஸ்டூல் கூடியது.

ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு 2019 பிப்ரவரியில் வந்தது. பேரன் அதை அவருடைய போனில் போட்டுக் கொடுத்தான். அவர் ஒழுங்காக எம்.எஸ்.வி.யில்தான் ஆரம்பிக்கிறார். ஆனால் ஈஸி சேரில் கண் அசந்த பிறகு செயலி தன் போக்கில் அடுத்தடுத்துப் போட்டுக்கொண்டே போகிறது. பழைய ரெக்கார்டிங் சென்டர்காரரின் வாரிசு என்றே சொல்லலாம். அனிருத்தை வெளிப்படையாக 'இரைச்சல்' என்றுதான் சொல்கிறார். டிசம்பரில், அந்த வருடம் அதிகம் கேட்டவர் யார் என்று செயலி வண்ண வண்ணமாகப் போட்டுக் காட்டுமே, அதில் முதல் இடத்தில் அனிருத். "பேரன் போட்டிருப்பான்" என்றார். பேரன் ஆஸ்டலுக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது.

இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் டர்ன்டேபிள் வாங்கியிருக்கிறான். பழைய எல்.பி.க்கு இன்று என்ன விலை என்பது அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் இந்தத் தட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடச் சொல்லி அம்மாவோடு சேர்ந்து கொடி பிடித்தவனும் அவன்தான். பொங்கலுக்கு வந்தவன் ஷோகேஸ் பக்கமே சுற்றினான்.

"அப்பா, அந்த ஹவ் டு நேம் இட் தட்டை நான் எடுத்துக்கட்டுமா? நீங்கதான் கேக்கிறதே இல்லையே."

"கேக்காட்டி என்ன? ஊசியே படாத தட்டுடா அது."

"அதனாலதாம்பா கேக்கறேன்."

நம்மவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு யோசித்தார். பெற்ற பிள்ளை, வாய் விட்டுக் கேட்கிறான். வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை.

"ஒண்ணு செய். காலி கேசட் ஒண்ணு, டிடிகே 90 கிடைச்சா வாங்கிட்டு வா. பதிஞ்சு தர்றேன்."