பெயர் தெரியாத இயக்குநர் ஆவது எப்படி?

ஒரே மாதிரி ஐந்து படம் எடுத்தால் ஒரு முத்திரை விழும். முத்திரை விழுந்தால் ரசிகர்கள் வருவார்கள், பின்னாலேயே 'யூனிவர்ஸ்' என்று ஒன்று வரும். அதன்பின் உங்கள் கதாநாயகன் மளிகைக் கடைக்குப் போனாலும் கையில் துப்பாக்கியோடுதான் போயாக வேண்டும். இந்த ஆபத்திலிருந்து தப்ப நினைக்கும் உதவி இயக்குநர்களுக்கு சிங்கீதம் சீனிவாசராவ் ஒரு வழி போட்டு வைத்திருக்கிறார். அதன்படி நடந்தால் உங்கள் படங்களைப் பார்க்காத தமிழர் இருக்க மாட்டார். உங்களைத் தெரிந்த தமிழரும் அநேகமாக இருக்க மாட்டார்.

முதல் வேலை, அவசரப்படாமல் இருப்பது. நெல்லூர் மாவட்டத்து உதயகிரியில் 1931இல் பிறந்து, இயக்குநர் கே.வி. ரெட்டியிடம் சேர்ந்து, 1957இல் 'மாயா பஜா'ரில் உதவியாளராக வேலை பார்த்து, 1972இல்தான் முதல் படத்தை இயக்க வேண்டும். அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். இப்போதெல்லாம் அந்த வயதில் இயக்குநர்கள் 'கம்பேக்' கொடுக்கிறார்கள்.

அடுத்து, நல்ல பெயர் வாங்குங்கள். வாங்கிய கையோடு அதைக் கைவிடுங்கள். ராஜாஜியின் கதையை எடுத்துக்கொண்டு, வீணை சிட்டிபாபுவை இசையமைக்கச் சொல்லி, குடியால் சீரழியும் குடும்பத்தைப் பற்றி 'திக்கற்ற பார்வதி' (1974) எடுங்கள். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைக்கும். இந்த இடத்தில் ஜோல்னாப் பை வாங்கத் தோன்றும். வாங்காதீர்கள். அடுத்த ஆண்டே தெலுங்குக்குப் போய் ஜமீன்தார் வீட்டுப் பெண் கதை எடுங்கள். பிறகு கன்னடத்தில் ராஜ்குமாருக்கு வரிசையாகக் குடும்பப் படங்கள். நடுவே இரண்டு கன்னடப் படங்களுக்கு நீங்களே இசையும் அமைத்துவிடுங்கள். இனி விமர்சகர்களால் உங்களை எந்த அலமாரியிலும் வைக்க முடியாது.

இப்போது தொழில் ரகசியத்துக்கு வருவோம். ஒவ்வொரு படத்திலும் படத்துக்கு அத்தியாவசியமான ஏதோ ஒன்றைப் பிடுங்கிவிட வேண்டும்.

கமல்ஹாசனின் நூறாவது படம் உங்கள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறாவது படத்துக்கு என்னென்ன வேண்டும் என்று விநியோகஸ்தரிடம் கேட்டால் பட்டியல் தருவார். நீங்கள் கதாநாயகனின் பார்வையைப் பிடுங்கி, கையில் வயலினைக் கொடுங்கள். 'ராஜபார்வை' (1981) ஓடவில்லை. பரவாயில்லை, மறுபடியும் உங்களிடமே வருகிற நடிகர் ஒருவர் சம்பாத்தியம். 'மயூரி'யில் (1985) பிடுங்குகிற வேலையை விதியே செய்திருந்தது. விபத்தில் கால் இழந்து, ஜெய்ப்பூர்க் கால் பொருத்திக்கொண்டு மறுபடி ஆடிய சுதா சந்திரனை அவர் வேடத்திலேயே நடிக்க வைத்தால் போதும்.

அடுத்தது பேச்சு. தமிழ் சினிமாவில் வசனத்தைப் பிடுங்குவது கோயிலில் மூலவரைத் தூக்குவது மாதிரி. ஆகவே பெங்களூருக்குப் போய், கன்னடத்தில் 'புஷ்பக விமானா' (1987) என்று தொடங்கி, தமிழில் 'பேசும் படம்' என்று பெயர் வைத்துவிடுங்கள். அந்தத் தலைப்பின் குறும்பை யாராவது கவனிப்பார்கள். தயாரிப்பிலும் நீங்களே பங்காளியாக இருப்பது நல்லது. அடுத்தவர் காசென்றால் வசனகர்த்தா ஒருவர் எப்படியும் உள்ளே வந்துவிடுவார்.

வசனம் இல்லாத படத்தை மௌனப் படம் என்று நினைத்தவர்கள்தான் பின்னால் அதைப் போலச் செய்யப் போய்த் தோற்றார்கள். 'பேசும் பட'த்தின் கதாநாயகன் வேலையில்லாப் பட்டதாரி. சினிமாக் கொட்டகையை ஒட்டிய நெருக்கடியில் குடியிருப்பவன். பணக்காரர் ஒருவரைக் கட்டிப்போட்டுவிட்டு அவருடைய நட்சத்திர ஓட்டல் அறையில் போய்ப் படுத்தால் தூக்கம் வரவில்லை, அமைதி உறுத்துகிறது. கொட்டகைச் சத்தத்தை டேப்பில் பதிந்து கொண்டுவந்து, அந்த அடிதடியைத் தாலாட்டாகப் போட்டுக்கொண்டு தூங்குகிறான். இதை வசனத்தில் எழுதினால் இரண்டு பக்கம் வரும், படமும் செத்துப் போகும். பனிக்கட்டிக் கத்தியோடு அலையும் டினு ஆனந்தின் கொலைகாரனுக்கும் பேச்சு தேவைப்படவில்லை. கத்தி உருகுவதே அவன் பிழைப்பைச் சொல்லிவிடுகிறது. கட்டிப்போட்ட பணக்காரரின் கழிவை வண்ணக் காகிதம் சுற்றிப் பரிசுப் பொட்டலமாக ஊருக்குள் விட்டுவரும் ஏற்பாட்டைப் பற்றிச் சாப்பாட்டு வேளையில் விளக்குவது சரியல்ல. இத்தனைக்கும் பிறகு தேசிய விருதுக் குழு இதை ஆரோக்கியமான பொழுதுபோக்குப் படம் என்றது.

ஒன்றைப் பிடுங்கப் பழகிய கைக்கு மற்றவை எளிது. 'அபூர்வ சகோதரர்க'ளில் (1989) உயரத்தைப் பிடுங்குங்கள். குள்ள அப்பு, வில்லன்களைக் கையால் அடிக்க முடியாதவன். ஆகவே கொலைகூட ஒரு இயந்திர விளையாட்டாகிறது. ஐந்தரை அடி ஆள் என்றால் நான்கு சண்டைக் காட்சியோடு கதை முடிந்திருக்கும். 'மைக்கேல் மதன காமராஜ'னில் (1990) மட்டும் விதிவிலக்கு: எதையும் பிடுங்காமல் ஒரு கமலுக்கு நான்கு கமலாகக் கொடுங்கள். சாம்பாரில் மீன் விழட்டும். கடைசியில் மலை விளிம்பில் வீடு தராசுபோல் ஆடட்டும். சாப்ளினின் 'கோல்ட் ரஷ்' நினைவு வந்தால் வரட்டும், நல்ல இடத்திலிருந்துதானே வந்திருக்கிறது. 'ஆதித்யா 369'இல் (1991) காலண்டரைப் பிடுங்கி, பாலகிருஷ்ணாவைக் கிருஷ்ணதேவராயர் சபைக்கு அனுப்புங்கள். திரும்பும் வழியில் எதிர்காலத்தையும் காட்டுங்கள்.

'மகளிர் மட்டும்' (1994) எடுக்கும்போது கதாநாயகனையே பிடுங்கலாம். தயாரிப்பாளர் கமல் கடைசியில் தலை காட்டுவார், அதோடு சரி. ரேவதியும் ஊர்வசியும் ரோகிணியும் சேர்ந்து மேலதிகாரி நாசரை வழிக்குக் கொண்டுவருவார்கள். நாகேஷிடமிருந்து உயிரையும் பிடுங்கிவிடுங்கள். அவர் பிணமாகவே வந்து எல்லோரையும் சாப்பிட்டுவிடுவார். அலுவலகச் சீண்டலைப் பற்றிப் புகார்க் கமிட்டியோ தனிச் சட்டமோ இல்லாத நாளில், பிரசங்கம் இல்லாமல் இதைச் சொன்ன படம் அது. அதே ஆண்டு தெலுங்கில் 'பைரவ த்வீபம்' என்று ராஜா ராணி மாயாஜாலக் கதை. ஒரே வருடத்தில் இரண்டையும் எடுத்தது ஒரே ஆள் என்று சொன்னால் சத்தியம் கேட்பார்கள்.

தோல்விக்கும் இடம் வையுங்கள். 'மும்பை எக்ஸ்பிரஸ்' 2005 சித்திரைப் புத்தாண்டுக்கு வந்தது, 'சந்திரமுகி'யோடு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் குருநாதரைப் பின்பற்ற வேண்டாம். நாள் குறிக்கும் முன் அடுத்த தியேட்டரில் என்ன ஓடப்போகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பிறகு அனிமேஷனுக்குப் போய் நடிகர்களையே பிடுங்கிவிடலாம். கால்ஷீட் தொல்லை இராது.

இத்தனைக்கும் பின் உங்கள் படங்கள் 'கமல் படம்', வசனகர்த்தாவின் பெயரால் 'கிரேஸி மோகன் படம்' என்றுதான் அழைக்கப்படும். திருத்தப் போகாதீர்கள். 'கல்கி 2898 ஏடி'க்கு வழிகாட்டியாகச் சிங்கீதத்தை அழைத்தபோது வயது தொண்ணூறை நெருங்கியிருந்தது. உங்களையும் அப்படி யாராவது கூப்பிட்டால், மூட்டு வலியைக் காட்டி மறுக்காமல் திரைக்கதையை வாங்கிப் படியுங்கள். அந்தக் கதையிலிருந்து எதைப் பிடுங்கலாம் என்று பென்சிலால் குறித்து வையுங்கள்.