ஜூலை மாதத்துப் பூனை: துபாய்த் தமிழ்ச் சபையின் நட்பிலக்கணம் குறித்து ஓர் ஆய்வு

துபாயில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தின் சபை நட்புகளை அளக்க இதுவரை இரண்டு அளவுகோல்களே புழக்கத்தில் இருந்துவந்தன. ஒன்று கைமாற்று, மற்றொன்று ஆஸ்பத்திரி. கேட்ட பணத்தைக் கொடுத்தவரும், கேளாமலே பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்தவரும் நண்பர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். இரண்டு கோலும் கோணல் என்பதே இக்கட்டுரையின் துணிபு. கடன் கொடுக்காதவரும் அடுத்த வாரம் சிரித்த முகத்தோடுதான் ஸ்தோத்திரம் சொல்வார். ஆஸ்பத்திரிக்கு எட்டிப் பார்க்காதவரும் ஜெபக் குறிப்பில் நம் பெயரைச் சேர்த்துவிடுவார். ஒருவர் நமக்கு யார் என்பது, ஜூன் மாதக் கடைசியில் அவரிடம் "எங்க பூனையைக் கொஞ்ச நாள் வச்சுக்கிறீங்களா?" என்று கேட்கும்போதுதான் வெளிப்படும்.

முன்னோர் ஆய்வுகள் இவ்விஷயத்தில் உதவவில்லை. தொல்காப்பிய மரபியல் வெருகின் இளமைப் பெயரைக் கூறிற்றேயன்றி, வெருகை யாரிடம் விட்டு ஊருக்குப் போவது என்று கூறிற்றில்லை. புராட்டஸ்டன்ட் வேதாகமத்தின் 66 புத்தகங்களிலும் வீட்டுப் பூனை தலைகாட்டவில்லை. எதிர்வீட்டு ரோமன் கத்தோலிக்க அண்ணன் இதைக் கேட்டதும், தங்கள் வேதாகமத்தில் எரேமியாவின் கடிதத்தில் பூனை இருக்கிறதே என்று மார்தட்டினார். இருக்கிறதுதான். ஆனால் அங்கே அது விக்கிரகங்களின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதைப் பராமரிப்பவர் யாரென்று அங்கும் சொல்லப்படவில்லை. சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதன் ஒருவனின் புதைகுழிக்கு அருகே பூனையையும் அடக்கம் செய்திருந்ததை அகழாய்வாளர்கள் கண்டார்கள். பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் கூடவே கொண்டுபோயிருக்கிறான் என்பது என் ஊகம்.

இனி, களம். ஊத் மேத்தாவில் 1967-இல் திறந்த புனித மரியாள் ஆலயமும், ஹோலி டிரினிட்டி ஆலயமும் அருகருகே இருக்கின்றன. இரண்டாவதின் வளாகத்தில் பல நாட்டு, பல மொழிச் சபைகள் மண்டபங்களை மணிக்கணக்கில் பங்கிட்டுக்கொள்கின்றன. ஐயர் ஆசீர்வாதம் கூறிக் கையை இறக்குமுன் அடுத்த சபையின் டிரம்ஸ் வாசலில் காத்திருக்கும். நம் ஊர் நாசரேத்திலோ மெஞ்ஞானபுரத்திலோ ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் அரைமணி நேரம் ஊர்க்கதை பேசுகிற வசதி இங்கே கிடையாது. எனவே வளைகுடாவில் சபை ஐக்கியம் என்பது ஆலயத்துக்குள் நடப்பதன்று, கார் பார்க்கிங்கில் நடப்பது. பார்க்கிங்கில் கோடை வெயில் 45 டிகிரியைத் தொடும். அந்த வெயிலில் நின்று பேசக்கூடிய கேள்விகள் மிகச் சில. அவற்றுள் தலையாயது, "எப்போ ஊருக்கு?"

2022 ஜனவரி முதல் வார விடுமுறை வெள்ளி-சனியிலிருந்து சனி-ஞாயிறுக்கு மாறிற்று. பழைய ஆட்கள் சிலருக்கு வெள்ளிக்கிழமை காலையில்தான் இன்னமும் சங்கீதம் வாயில் வருகிறது. பூனைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் வளைகுடாச் சபையைப் பற்றி எழுதி இதை விட்டால் சபையார் மன்னிக்கமாட்டார்கள்.

பூனை என்றது ஈண்டு கராமாவில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால், ஏசி தண்ணீர் சொட்டும் பெயின்ட் வாளியருகே மகள் கண்டெடுத்த ஆண்பூனையை. காரின் டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் சுருண்டு கிடந்த அது, வாளித் தண்ணீரைக் குடிப்பதற்குமுன் ஒரு காலை உள்ளே விட்டுச் சூடு பார்த்தது. அந்த முன்யோசனையில்தான் என் மனைவி விழுந்தாள். சிம்சோன் என்று பெயர் வைக்க மகள் தீர்மானித்தபோது, பாடகர் குழுவின் மூத்த அக்கா, வேதாகமப் பெயரை மிருகத்துக்கு வைக்கலாகாது என்று ஆட்சேபித்தார். பிறகு மிருக டாக்டரிடம் தூக்கிப்போய்க் கருத்தடை செய்து வந்ததும், கத்தி பட்டுப் பலம் இழந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

தடுப்பூசி போட்டு, பிடரித் தோலுக்கடியில் மைக்ரோசிப் பொருத்தினார்கள். அதன் எண் 15 இலக்கம். 784 என்று தொடங்கும் என் எமிரேட்ஸ் ஐடியிலும் 15 இலக்கம். ஆகவே சட்டத்தின் பார்வையில் நாங்கள் இருவரும் சமம் என்று கருத இடமுண்டு. வேறுபாடு ஒன்றே: என் அட்டையை விசாவோடு சேர்த்துப் புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும், பூனையின் எண் ஆயுளுக்கும் செல்லும்.

அற்றேல், பூனையையும் ஊருக்கே அழைத்துப் போனால் என்ன எனின், போகலாகாமை காண்க. எமிரேட்ஸ் விமானத்தின் பயணிகள் பகுதியில் வளர்ப்புப் பூனைக்கு இடமில்லை, அது கார்கோவாகத்தான் போகவேண்டும். துபாய்க்கும் பாகிஸ்தானின் சில ஊர்களுக்கும் இடையில் வல்லூறு மட்டும் எசமானோடு கேபினில் போகலாம். வல்லூறுக்கு இந்நாட்டில் பாஸ்போர்ட் உண்டு. அபுதாபியில் 1999 முதல் தனி ஆஸ்பத்திரியும் உண்டு. பூனையாகப் பிறந்தது சிம்சோனின் பிழை. இந்திய முனையிலோ, செல்லப் பிராணி வந்திறங்குவதற்குத் தனிக் காகிதங்கள், தனிமைப்படுத்தல் அதிகாரிகள், சென்னை போன்ற சில விமான நிலையங்கள் என்று வேறொரு வேதாகமமே இருக்கிறது. ஒரு மாத லீவில் பாதி அதிலேயே போய்விடும்.

பூனை ஹோட்டலில் விடலாமே எனின், அதுவும் அற்றன்று. ஓர் இரவுக்கு இவ்வளவு திர்ஹம் என்று கேட்டதும் மனைவி மனத்துக்குள் ரூபாயாக மாற்றி, "இந்தக் காசுக்கு எங்கப்பா வீட்டுல மாடு நிக்கும்" என்றாள். எனவே சபையே கதி.

இங்குதான் நட்பிலக்கணம் தன் வேலையைத் தொடங்குகிறது. மறுப்பு வகைகளில் கீழ்நிலையானது அலர்ஜி. கேட்ட மாத்திரத்தில் தும்முகிறவர்களை நான் கண்டிருக்கிறேன், பூனை அப்போது வீட்டில், நாங்கள் பார்க்கிங்கில். அதற்கு மேல்நிலை, "வீட்டுக்காரர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்." அவ்வீட்டுக்காரர் அக்காவைக் கேளாமல் சட்டைகூட எடுத்ததில்லை என்பதைச் சபையே அறியும். எல்லாவற்றுக்கும் சிகரமானது, "ஜெபிச்சிட்டுச் சொல்றேன் பிரதர்." இதற்கு மேல்முறையீடு கிடையாது. எந்தப் பதிலும் வரவில்லையென்றால் அதுவே பதில், அது எங்கிருந்து வந்தது என்று நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். சபைச் செயலாளர் அண்ணன் மட்டும் வெளிப்படையாக, "ஏல, ஆள வேணும்னா வச்சிப் பாத்துக்கிடுதேன், பூனை முடியாது" என்றார். இவரை நண்பர் பட்டியலில் முன்னுக்குத் தள்ளியிருக்கிறேன்.

ஆனால் பெரும்பாலோர் சொன்னது பொய்யற்ற மறுப்பு: "நாங்களும் ஊருக்குப் போறோமே." இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஜூலை, ஆகஸ்ட்தான் கோடை விடுமுறை. எல்லாக் குடும்பமும் ஒரே சமயத்தில் கிளம்பும். விமானக் கட்டணம் அதற்காகவே காத்திருந்ததுபோல் மேலே ஏறும். ஆகவே பூனைக்கு ஆள் தேடுவது என்பது, ஊருக்குப் போகாதவர் யார் என்று தேடுவதேயாம். ஆய்வின் இந்த விளைவை நான் எதிர்பார்க்கவில்லை. பார்க்கிங்கில் "எப்போ ஊருக்கு?" என்று எல்லாரையும் கேட்டுவந்தோம். பதிலை யாரும் நின்று கேட்டதில்லை. கார்க் கதவைத் திறந்து ஏசி போடுவதற்குள் அது முடிந்துவிடும்.

பின்வரிசையில் உட்காரும் ஒரு குடும்பம். கைகுலுக்கல் அளவிலான பழக்கம். அந்த அண்ணன் ஒவ்வொரு கோடையிலும் "பாக்கணும் அண்ணாச்சி" என்றே பதில் சொல்லியிருக்கிறார். அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் வீட்டுக்குப் போனபோதுதான் வீடு ஓர் அறையாகச் சுருங்கியிருந்தது தெரிந்தது. மறு அறையில் வேறு குடும்பம். பொதுச் சமையலறையில் இரண்டு மசாலா டப்பாக்கள், இரண்டு மூடியிலும் பெயர் ஒட்டியிருந்தது. பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர், நான்கு டிக்கெட். கம்பெனி மாறியபின் அந்தக் கணக்கு கூடிவரவில்லை என்றார் அண்ணன், சாதாரணமாகத்தான். நாங்கள் பூனைப் பேச்சை எடுக்காமலே எழுந்துவிடலாம் என்று பார்த்தோம். மகள் எடுத்துவிட்டாள்.

அந்த அக்கா யோசிக்கவே இல்லை. "கொண்டாங்க. பிள்ளைங்க ரெண்டும் லீவு முழுக்க இந்த நாலு சுவருக்குள்ளதான் கிடக்கும். அதுங்களுக்கும் ஒரு ஆள் வேணும்லா" என்றார். பக்கத்து அறைக்காரரிடமும் அவரே பேசிக்கொண்டார்.

என் மனைவி தயாரித்த பராமரிப்புக் கையேடு முன்னும் பின்னும் எழுதிய ஒரு தாள். நெத்திலி அலசிக் கொடுக்கவேண்டும், பால் கூடாது, இரவில் பாத்ரூம் கதவைச் சாத்தக்கூடாது. லீவில் அதிலிருந்து ஒரு சந்தேகமும் கேட்டு வாட்ஸ்அப் வரவில்லை. வீடியோ மட்டும் வந்தது, அதில் சிம்சோன் ஸ்டீல் தட்டில் பால் குடித்துக்கொண்டிருந்தான்.

பரிமாற்ற விகிதம் குறித்தும் ஒரு சொல். ஒரு மாதப் பூனைக்கு ஒரு கிலோ முதலூர் மஸ்கோத் அல்வாவும் அரைக் கிலோ தூத்துக்குடி மக்ரூனும் என்று நாங்கள் நிர்ணயித்திருந்தோம். திரும்பி வந்து அதைக் கொடுத்தபோது, அக்கா உள்ளே போய் ஒரு பெரிய தூக்குச்சட்டியில் மீன் குழம்பைக் கொண்டுவந்து நீட்டினார். ஊரிலிருந்து வந்தவர்கள் அன்று சமைக்கமாட்டார்களாம். கணக்கு இன்னும் நேராகவில்லை. பூனையோ கூடைக்குள் ஏற மறுத்து அவர்கள் கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டது. சின்னவன் கருவாட்டைக் காட்டி இழுத்தபிறகே வந்தது.

இப்போதெல்லாம் பார்க்கிங்கில் முதலில் பூனையின் நலன், பிறகுதான் மனிதர் நலன். போன வாரம் அண்ணன் ஒரு சேதி சொன்னார். வேலையில் கொஞ்சம் மூச்சு விட முடிகிறதாம், வருகிற ஜூலையில் ஊருக்குப் போகிறார்களாம். பிள்ளைகள் பூனை இல்லாமல் தவித்ததால் இடையில் ஒரு ஜோடி லவ்பேர்ட்ஸ் வாங்கிவிட்டார்களாம். "நீங்கதான் பாத்துக்கணும் அண்ணாச்சி" என்றார்.

சிம்சோன் உள்ள வீட்டில் கூண்டை எந்த உயரத்தில் மாட்டுவது என்பது அடுத்த ஆய்வுக்குரிய பொருள். கம்பியும் ஆணியும் வாங்கியாயிற்று. பூனையும் சில நாளாகக் கூரையையே பார்த்துக்கொண்டிருக்கிறது.