தயவுசெய்து மின்சாரத்தை நிறுத்த வேண்டாம்

பிளேஸ்டேஷன் 4 கருவியின் இயங்குதளத்துக்கு ஓர்பிஸ் என்று பெயர். ஃப்ரீபிஎஸ்டி 9 என்ற திறந்தமூல இயங்குதளத்தின் மேல் கட்டப்பட்டது. 2013 நவம்பரில் கருவியோடு வெளிவந்தது. விளையாட்டை ஓட்டுவது அதற்கு உபதொழில். முழுநேரத் தொழில், தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வது.

பிளேஸ்டேஷன் கணக்குத் தொடங்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகவே மன்னார்ப் பெடியள் இந்தியாவில் குடியிருப்பதாகப் பதிவார்கள். தலைமன்னாரில் நின்றால் போனே சில வேளை இந்தியாவுக்கு நல்வரவு சொல்வதால், அது முழுப் பொய்யும் அல்ல.

புதுப்பிப்பு வருவது பள்ளி விடுமுறையில், மச்சான்மார் பாயில் குந்திய பிறகு. அளவு ஏறக்குறைய அரை ஜிபி. பகல் டேட்டா அதற்கு முன்பே முடிந்திருக்கும். இரவு டேட்டாவுக்காக நள்ளிரவு வரை எல்லாரும் கொட்டாவி விட வேண்டும். இதனால் என்ன பயன் என்ற கேள்விக்குத் திரையில் ஒரே பதில்: செயல்திறன் மேம்படுகிறது. எந்தச் செயல்திறன், எவ்வளவு என்ற விவரம் கிடையாது. போன முறையும் மேம்பட்டது. அதற்கு முந்தின முறையும் மேம்பட்டது. இத்தனை மேம்பட்டும் உள்ளே விசிறி கரைக்கு வரும் வள்ளத்து எஞ்சின் மாதிரியே இரைகிறது. சொன்னதெல்லாம் உண்மையானால் கருவி இதற்குள் பேசாலைக் கடலில் தானே வலை போட்டு, மீனை ஏலத்திலும் விட்டு, காசை எண்ணிக் கொடுத்திருக்க வேண்டும். குறைத்த வரலாறுதான் தெளிவாக இருக்கிறது: பிளேஸ்டேஷன் 3 கருவியில் லினக்ஸ் நிறுவும் வசதியை 3.21 பதிப்பு பிடுங்கிக்கொண்டது. நாள், 2010 ஏப்ரல் 1.

நிறுவும்போது மின்சாரத்தை நிறுத்தக் கூடாது என்று திரை கெஞ்சும். அந்த அதிகாரம் வீட்டுக்காரர் கையில் இருப்பதாக அதற்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் இல்லை. மன்னார்த் தீவின் தென்கரையிலேயே 30 காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றின் மின்சாரம் போவது தேசிய மின்தொகுப்புக்கு, பாயில் குந்தியிருக்கும் மச்சான்மாருக்கு அல்ல.

பாதியில் கரண்ட் போனால், அது திரும்பி வந்த பிறகு கருவியை மீட்க மின்பொத்தானை இரண்டாவது பீப் கேட்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். கன்ட்ரோலரை வயரில்தான் இணைக்கலாம். அந்த வயர் யாருடைய போனிலாவது சார்ஜில் கிடக்கும். புதுப்பிப்புக் கோப்பைக் கணினியில் இறக்கிப் பென் டிரைவில் போடுவதானால், 'பிஎஸ்4' கோப்புறைக்குள் 'அப்டேட்' கோப்புறை, இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில். வேறு மாதிரி எழுதினால் கோப்பே இல்லை என்று கருவி சாதிக்கும்.

2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2 இவற்றில் எதையும் கேட்பதில்லை. டிஸ்க்கைப் போட்டால் ஓடும். வைத்திருப்பவர்கள் தயவுசெய்து விற்க வேண்டாம்.