யார் லீவோ, அது என் துறை

பத்திரிகைக்காரன் என்று சொன்னால் கல்யாண வீட்டில் மரியாதையாக அரசியல் பேசுவார்கள். சினிமா, கலைப் பக்கம் எழுதுகிறேன் என்றால், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “அவங்க ரெண்டு பேரும் நிஜமாவே பிரிஞ்சுட்டாங்களா?” என்று குரலைத் தாழ்த்துவார்கள். எந்த ரெண்டு பேர் என்று நான் கேட்பதே இல்லை. “கொஞ்ச நாள் பொறுங்க” என்பேன். எந்த ஜோடிக்கும் பொருந்தும்.

சினிமா, கச்சேரி, சீரியல், நாட்டியம், புத்தகக் காட்சி என்று நான் சுற்றியதைப் பார்த்து, பன்முகத் திறமை என்று சிலர் பாராட்டுவதுண்டு. உண்மையில் என் கலைப்பயணத்தை நடத்தியது அலுவலக லீவ் ரெஜிஸ்டர். யார் லீவோ, அவர் துறை எனக்கு. சினிமா நிருபருக்கு மஞ்சள் காமாலை. நான் கோடம்பாக்கம் போனேன். சங்கீத விமர்சகர் மகளின் பிரசவத்துக்காக, அதுவும் டிசம்பர் மாதத்தில், அமெரிக்கா கிளம்பினார். நான் சபாவுக்குப் போனேன்.

ராகம் தெரியாதவனை மார்கழி கைவிடாது. பக்கத்து சீட்டில் கட்டாயம் ஒரு மாமா இருப்பார். பாடகர் தொண்டையைச் செருமும்போதே “பைரவி” என்பார். முன் வரிசை மாமி திரும்பி, “மாஞ்சின்னா இது!” என்பார். விவாதம் முற்றும்வரை நோட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஜெயித்தவர் சொன்ன ராகத்தை எழுத வேண்டும். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் கேன்டீனுக்கு எழுந்து போகும். கடமை தவறாமல் நானும் போவேன். அந்த சீசன் முழுக்க எழுதியதில், கீரை வடை பற்றிய பத்திக்கு மட்டும்தான் வாசகர் கடிதம் வந்தது. அதிலும் புகழ்ச்சி வடைக்கு.

கண்டதையும் எழுதுகிறானே என்று யாராவது முகம் சுளித்தால், கல்கியைத் துணைக்கு அழைப்பேன். ‘கர்நாடகம்’ என்ற பெயரில் விகடனில் கச்சேரி, சினிமா விமர்சனம் எழுதியவர் அவர். அவர் கதை ‘தியாக பூமி’ 1939-இல் படமாக வந்தது. 1945-இல் வந்த ‘மீரா’வுக்குப் பாட்டும் எழுதினார். சுப்புடுவோ டெல்லியில் சர்க்கார் உத்தியோகம் பார்த்துக்கொண்டே வித்வான்களின் தூக்கத்தைக் கெடுத்தார். எங்கள் குலத்தின் மூலபுருஷர்களே ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் இல்லை. என்ன, அவர்களுக்கு ராகம் தெரிந்திருந்தது.

சினிமா விமர்சனம் எழுதுவது சுலபம். பிரஸ் ஷோ முடிந்து வாசலைக் கடப்பதுதான் கஷ்டம். பி.ஆர்.ஓ. பக்கத்தில் நிற்க, தயாரிப்பாளர் நம் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, “படம் எப்படி சார்?” என்பார். “கேமரா பிரமாதம்” என்றால் கதை தேறாது. “லொகேஷன் அருமை” என்றால் கேமராவும் தேறாது. “உங்க துணிச்சலைப் பாராட்டணும்” என்று சொல்லிவிட்டால் அவரே கையை விட்டுவிடுவார். 1977-இல் ‘16 வயதினிலே’ படத்துக்கு விகடன் 62.5 மார்க் போட்டது. அந்த அரை மார்க்கை எங்கே கூட்டினார்கள், எங்கே கழித்தார்கள் என்று யோசித்தால் இன்றும் எனக்குத் தலை சுற்றும்.

அடுத்து, தொடர் எழுதுகிறவர் லீவ். ஒரு பெரிய நடிகரின் வாழ்க்கைத் தொடர் என் தலையில் விழுந்தது. அவர் ஷாட்டுக்கு ஷாட் நடுவில் “ஆமாம்”, “இல்லை”, “அதெல்லாம் இருக்கும்” என்று மூன்றே பதில்களில் பால்யத்தை முடித்துவிட்டார். மீதிக்கு அவர் ஊர் ஆற்றில் நானே தண்ணீர் விட்டேன். சில வாரம் கழித்து போன் பண்ணினார். “தம்பி, படிக்கப் படிக்க அழுகையா வருது. அடுத்த வாரம் எனக்கு என்ன ஆகுது?”

கடைசியாக வந்தது இரங்கல் பக்கம். பிரபலங்களுக்கு முன்கூட்டியே கட்டுரை தயார் செய்து வைப்பது இந்தத் தொழிலின் ரகசியம். எந்தப் படம் எந்த வருஷம் என்று பார்க்க, ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த தமிழ்த் திரைப்பட வரலாறு மேஜையில் இருக்கும். 1958-இல் ‘நாடோடி மன்னன்’ படத்தில் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ.வானவர் அவர். சிலவற்றைப் புத்தகத்தில் பிடிக்க முடியாது. அவற்றுக்காக ஒரு மூத்த குணச்சித்திர நடிகரிடம் போனில் நைசாக விசாரித்தேன்.

“எனக்கு எழுதி வைக்கிறியா?” என்றார். நாடகத்தில் ராஜபார்ட் போட்ட குரல். மறுக்க முடியவில்லை.

“படி, கேப்போம்.”

படித்தேன். இரண்டு படங்களின் வருஷத்தைத் திருத்தினார். ‘ஈடுசெய்ய முடியாத’ என்பதை எடுக்கச் சொன்னார். எல்லாருக்கும் அதையே போடுகிறார்களாம். மேக்கப் இல்லாத போட்டோ வேண்டாம் என்றார். பிறகு கேட்டார், “வாராவாரம் இதழை என்னைக்கு முடிப்பீங்க?”

“செவ்வாய்க்கிழமைங்க, ஐயா.”

“அப்போ புதன்கிழமை போயிடக் கூடாது” என்றார்.